வேடிக்கை பார்ப்பவர் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தாலோ, ஒரு பெண் தாக்கப்பட்டாலோ, மறுநாள் நாளிதழ்களில் ‘வேடிக்கை பார்த்த பொதுமக்கள்’ என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. கூடவே, மனிதநேயம் செத்துவிட்டது என்ற அங்கலாய்ப்பும். இந்த வரி உண்மைக்கு மாறானது. அடுத்த முறை உதவ நினைப்பவரையும் அது தயங்க வைக்கிறது.

‘வேடிக்கை பார்த்தார்கள்’ என்பதற்கு உலகமே காட்டும் உதாரணம் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் 1964 மார்ச் 13 அன்று கொலையான கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தச் செய்தி பார்த்தவர்களின் எண்ணிக்கையையும், அவர்கள் கண்டதையும் பெரிதும் மிகைப்படுத்தியது என்று 2016இல் அதே பத்திரிகை ஒப்புக்கொண்டது. சன்னலிலிருந்து ஒருவர் போட்ட சத்தத்தில் கொலையாளி முதலில் விலகினான். இரண்டாவது தாக்குதல் பலர் கண்ணுக்குப் படாத மாடிப்படி அடியில் நடந்தது. அங்கே ஓடிவந்து அந்தப் பெண்ணை மடியில் தாங்கியவர் ஓர் அண்டை வீட்டுப் பெண்மணி. அவரை அந்தச் செய்தி கண்டுகொள்ளவே இல்லை.

ஆனாலும் அதிலிருந்து பிறந்த ஆய்வு பயனுள்ளது. 1968இல் உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லாட்டனேயும் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒலிவாங்கி வழியே பேசவைத்தார்கள். பேச்சின் நடுவே ஒரு குரலுக்கு வலிப்பு வருகிறது; அது முன்பே பதிவு செய்த நடிப்பு என்பது மாணவர்களுக்குத் தெரியாது. தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குமுன்பே எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். எழாதவர்கள் கல்லாக உட்கார்ந்திருக்கவில்லை. கை நடுங்க, உள்ளங்கை வியர்க்க, ‘அவருக்கு ஒண்ணும் ஆகலையே?’ என்று கேட்டார்கள். வீடு நிறைய ஆள் இருக்கும்போதுதான் அடுப்பில் பால் பொங்கி வழியும். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பதால் வரும் வினை அது.

தெருக் கூட்டத்தில் இன்னொன்றும் சேர்கிறது. என்ன நடக்கிறது என்று புரியாமல் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார். அவரும் பதற்றத்தை மறைத்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்க்கிறார். ‘ஒன்றுமில்லை போலும்’ என்று இருவரும் முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த முடிச்சை ஒரே ஒரு குரல் அவிழ்த்துவிடும். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் 219 தெருச் சண்டைகளைக் கண்காணிப்பு கேமராப் பதிவுகளில் ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கிட்டிருந்தார். தனித்தனியே ஒவ்வொருவரும் தயங்கினாலும், ஆள் கூடக்கூட, அவர்களில் யாரேனும் ஒருவர் உதவும் வாய்ப்பு கூடியிருந்தது.

ஆகவே, விழுந்து கிடப்பவர் பொதுவாக ‘காப்பாத்துங்க’ என்று கத்துவதோடு நிறுத்தக் கூடாது. ஒருவரைக் கைகாட்டி, ‘நீலச் சட்டை அண்ணே, எனக்கு நெஞ்சு வலிக்குது, 108க்குப் போன் போடுங்க’ என்று சொல்ல வேண்டும். ஆள், பிரச்சினை, வேலை மூன்றும் அதில் இருக்கின்றன. உதவ வருபவரும் அப்படியே வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம்: ஒருவர் போன், ஒருவர் வண்டிகளை விலக்க, ஒருவர் ஆம்புலன்சுக்கு வழிகாட்டத் தெருமுனையில்.

தாக்கப்படும் பெண் ‘இவன் யாருன்னே எனக்குத் தெரியாது’ என்று கத்துவது மிக முக்கியம். 1976இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆணும் பெண்ணும் சண்டையிடுவதுபோல் நடிக்க வைத்தார்கள். அந்நியன் என்று தெரிந்தபோது 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். கணவன் என்று எண்ணியபோது 19 சதவீதம். ‘குடும்பச் சண்டை, நமக்கெதுக்கு’ என்று நாம் ஒதுங்குவதும் இதுவே. கணவனே ஆனாலும் அடிப்பது குற்றம். நெருங்கி நின்று ‘என்னம்மா ஆச்சு?’ என்று கேட்கலாம், பெண்கள் உதவி எண் 181ஐ அழைக்கலாம்.

தெரியாமல் செய்யும் உதவியும் கெடுக்கும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயன் எதுவும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வலிப்பு தொடங்கியதுமே நேரத்தைப் பாருங்கள். தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். துடிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் இன்னும் பலரைத் தடுக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு வராமல் காக்கிறது. தன் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

இத்தகைய செய்திகளின் கீழே ஒரு சிறு பெட்டியில் 108, 181 எண்களையும், ஒருவரைக் கைகாட்டிக் கேட்கும் முறையையும், இந்தச் சட்டப் பிரிவையும் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன். அந்த இடத்தில் உதவிக்கு வந்தவர் யார் என்பதையும் செய்தியாளர்கள் தவறாமல் விசாரிக்கட்டும். அவர் விரும்பினால் பெயரோடும், இல்லையென்றால் பெயரின்றியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சமூக உளவியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.