அது கத்தரிக்கோல் இல்லை, மகளே

அன்புள்ள மகளுக்கு,

கத்தரிக்கோல் மாதிரி இருக்கிற அந்தச் சாமானின் படம் கிடைத்தது. ‘இது என்னப்பா?’ என்று ஒரே ஒரு வரி. இத்தனை மாதம் கழித்து ஒரு வரி. போகட்டும், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: எதையும் போட்டுத் தேய்த்துவிடாதே.

உன் தம்பி அதைச் சுருட்டு நுனி நறுக்குவது என்கிறான். அம்மாவுக்கு அது தையல் சாமான். இருவரும் அந்தக் குட்டிப் பெட்டியைக் கவனிக்கவில்லை. ஓர் அலகின் மேல் பெட்டி. மறு அலகில் அதற்குள் போய் அடைகிற தகடு. நறுக்கிய துண்டு கீழே விழக்கூடாது என்று செய்தவன் நினைத்திருக்கிறான். அடியில் மூன்று கால்கள் வேறு. அலகு மேசையில் பட்டால் கறையாகும் என்ற கவலை அது. பெட்டிக்குள் பார், மூலையில் கருமை இருக்கும். மெழுகுவத்தித் திரியைக் கத்தரிக்கிற கருவி அது. அந்தக் கரிதான் சாட்சி, அதனால்தான் சொல்கிறேன், கழுவாதே.

விளக்கை அணைப்பதற்கு என்று யாராவது சொன்னால் நம்பாதே. எரிய வைப்பதற்குத்தான் அது. அந்தக் காலத்துத் திரி முழுதாக எரியாது. விலங்குக் கொழுப்பில் செய்த வத்தி என்றால் இன்னும் மோசம். கரிந்த நுனி நீண்டுகொண்டே போகும். சுடர் மங்கும், புகையும், வத்தி ஒரு பக்கமாக உருகி வழியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை யாராவது எழுந்து போய் நறுக்கவேண்டும். 1820-களில் பிரான்சில் பின்னிய திரி வந்தது. அது எரியும்போதே வளைந்து, நுனி சுடரின் விளிம்புக்கு வந்து, காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். பிறகு மெல்ல மெல்ல இந்தக் கருவிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பெரியத்தை பெட்டியில் இருந்ததுதானே? அதை நீ திறக்கவே மாட்டாய் என்றல்லவா நினைத்திருந்தோம். ஏன் இப்போது திறந்தாய் என்று கேட்கவில்லை. எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் ‘இது என்ன’ என்று நின்று பார்க்கிற பிள்ளை நீ. சின்ன வயதிலிருந்தே அப்படி. பூட்டைப் பிரித்துப் பரப்பிவிட்டு, ஒரு திருகு மிஞ்சாமல் திரும்பப் பூட்டினாயே, அதை இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அப்பாவிடம் கேட்க இது ஒன்றுதானா இருந்தது?

படத்தின் பின்னால் புத்தக அலமாரி தெரிகிறது. மாப்பிள்ளையின் புத்தகங்கள் இருந்த இரண்டு தட்டும் காலி. வெளிச்சத்துக்காக இடம் மாற்றியிருப்பாய். அம்மாவிடம் படத்தை ஓரம் வெட்டித்தான் காட்டினேன்.

ரோமானியர் காலத்து வெண்கலச் சாமான் ஒன்று உண்டு. பன்னிரண்டு முகம், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் துளை, மூலைக்கு மூலை குமிழ். நூற்றுக்கு மேல் கிடைத்தும் எதற்கென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. வைத்திருந்தவர்கள் எழுதிய ஒரு குறிப்பும் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு வரி கிடைத்திருந்தால் போதும். அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இனி செய்யவேண்டியது: கருவியைத் திருப்பி வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைப் படம் எடு. சாய்சதுரமாக ஒரு முத்திரை இருந்தால், 1842-க்கும் 1883-க்கும் இடையில் பிரிட்டனில் பதிவான வடிவம். தேய்ந்திருந்தால் அப்படியே விடு, சுரண்டாதே. பெட்டியில் மற்றவை என்ன இருந்தாலும் ஒவ்வொன்றாக அனுப்பு. தினம் ஒன்று அனுப்பினாலும் எனக்குச் சிரமமில்லை. படம் எடுக்கும்போது பின்னால் இருப்பதை ஒதுக்கி மறைக்கவும் வேண்டாம்.

வீடு மாறுவதாக இருந்தால் முகவரியை எழுது. நானும் அம்மாவும் எந்த நாளும் கிளம்பி வருவோம். நீ ஒன்றும் விளக்கவேண்டியதில்லை.

அப்பா