பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

பீங்கான் மூலப்பொருள் விற்பவர்களுக்கும், மண்பாண்டப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். நான் களிமண்ணோடு நிறப்பொடி கலந்து வண்ண மண்ணில் பாண்டம் செய்கிறவள். பெரிய மூட்டையைப் பிரித்து நூறு நூறு கிராமாகக் கட்டி, மேலே மார்க்கரில் "பிளாக்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் முழுப் பெயரை எழுதுங்கள்.

மாங்கனீசு டை ஆக்சைடு கறுப்புப் பொடி. கோபால்ட் ஆக்சைடும் கறுப்புதான். தாமிர ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு எல்லாமே கறுப்பில் கிடைக்கின்றன. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனால் இரும்பில் பயம் குறைவு. நிக்கல் சேர்மங்களை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் வரலாம். மாங்கனீசுத் தூசி நாள்பட உள்ளே போனால் நரம்பு மண்டலம் கெட்டு, நடை தடுமாறும். மாங்கனீசு அரைத்த தொழிலாளிகளிடம் இந்த நோயை ஸ்காட்லாந்தில் 1837லேயே பதிவு செய்துவிட்டார்கள். நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் மாங்கனீசு நச்சை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஆனால் வீட்டு மாடியில் நாலு பேர் மண் பிசையும் இடத்துக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அங்கே நமக்கிருக்கும் ஒரே காவல் அந்தப் பொட்டலத்தின் மேல் இருக்கும் எழுத்துதான்.

"மெருகுக்கும் இதே பொடிதானே, இத்தனை நாள் யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். மெருகு என்பது பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு. மெருகில் நிறப்பொடி தண்ணீரில் கரைத்த கலவையாக வாளியில் கிடக்கும். வண்ண மண்ணில் அது மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு ஐம்பது கிராம் மாங்கனீசு போட்டுப் பிசைந்தால் கை ரேகைக்குள் கறுப்பு ஏறி, சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. ஜப்பானிய நெரிகோமி முறையில் வண்ணப் பட்டைகளை அடுக்கி வெட்டி ஒட்டுகிறோம். கோடுகள் மங்கலாகத் தெரிவதால், காய்ந்த பிறகு மேற்பரப்பைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம். அப்போது பறக்கும் தூசியில் மண்ணிலுள்ள சிலிக்காவோடு மாங்கனீசும் கோபால்ட்டும் சேர்ந்தே பறக்கின்றன. மேசைக்கு அடியில் உதிர்ந்த துணுக்கை மிதித்தாலும் அதே தூசிதான்.

அதனால் பயிற்சி கொடுப்பவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பொடியை உலர்ந்த மண்ணில் கொட்டிக் கலக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள். என்95 முகக்கவசம் போட்டு எடைபோட்டு, முதலில் தண்ணீரில் குழைத்து, அப்புறம் மண்ணில் சேர்க்கச் சொல்லுங்கள். துணி முகக்கவசம் இதற்கு உதவாது. பிசையும்போது நைட்ரைல் கையுறை வேண்டும். சுரண்டும் வேலையை மண் பாதி காய்ந்த பதத்திலேயே முடிக்கலாம். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் சூளையில் முதல் முறை சுட்ட பிறகு, தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி போதும். குழந்தைகள் வகுப்புக்குக் காவியும் இரும்பு ஆக்சைடும் தரும் நிறங்களே தாராளம். அங்கேயும் தூசி கிளப்பாமல்தான்.

ஸ்டெயின் என்று விற்கும் சுட்டுப் பொடித்த நிறங்கள் எளிதில் கரையாதவை, சரி. ஆனாலும் தூசி தூசிதான். சிவப்பு ஸ்டெயின் சிலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் சிர்க்கான் என்ற கனிமத்தாலான கூட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள். அதை மில்லில் போட்டு அரைத்தால் கூடு உடையும். இதை வாங்குகிறவரிடம் யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். வண்ண மண்ணில் செய்த கிண்ணத்தில் புளிக்குழம்பும் ஊறுகாயும் வைக்கப் போகிறார்கள். நிறம் கசிகிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்கப் போகிறவருக்கும் எதைத் தேடுவது என்று தெரிய வேண்டுமே.

அமெரிக்காவில் கலைப் பொருள்களுக்கு இப்படிப்பட்ட எச்சரிக்கைச் சீட்டை 1988ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கியது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூட்டையோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளை ஒரு நகல் எடுத்து வையுங்கள், கேட்பவருக்குக் கொடுங்கள். பொட்டலத்தில் ஒட்டத் தமிழில் வாசகம் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், அச்சுச் செலவு மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
மண்ணில் வேலை செய்யும் ஒருத்தி