குறைமாதக் குழந்தையின் மூளையும் தொற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றாலே எடையையும் மூச்சையும்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மூளையைப் பற்றிய கேள்வி, வயது ஒன்றாகியும் குழந்தை உட்காரவில்லை என்னும்போதுதான் எழுகிறது.

கருவின் 23 முதல் 32 வாரம் வரை, நரம்பிழைகளுக்கு உறை போடவேண்டிய மூளைச் செல்கள் முதிர்ந்திருக்காது. அப்போது பனிக்குடச் சவ்விலோ ரத்தத்திலோ குடலிலோ தொற்று வந்தால், கிருமி மூளைக்குள் நுழைய வேண்டியதே இல்லை. தொற்றை எதிர்த்து உடலில் சுரக்கும் அழற்சிப் பொருட்களே அந்த இளம் செல்களைச் சிதைக்கவோ வளரவிடாமல் நிறுத்தவோ போதும்.

32 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் எனத் தெரிந்தால், தாய்க்கு ரத்தநாளம் வழியாக 4 கிராம் மெக்னீசியம் சல்பேட் மெதுவாகச் செலுத்துவது, மூளை பாதிப்பால் உடலசைவு குன்றும் பெருமூளை வாதத்தின் அபாயத்தைக் குறைக்கும். பனிக்குடம் முன்கூட்டியே உடைந்திருந்தால் ஆன்டிபயாட்டிக் தேவை. ஆனால் பனிக்குடம் உடையாமல், தொற்றின் அறிகுறியும் இல்லாமல் குறைமாதத்தில் பிரசவ வலி மட்டும் கண்டவர்களுக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொடுக்கக் கூடாது. இதைச் சோதித்த ‘ஆரக்கிள்’ (ORACLE) என்ற மருத்துவ ஆய்வில் அப்படிக் கொடுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் 7 வயதில் பெருமூளை வாதம் கூடுதலாகவே காணப்பட்டது.

பிறந்த பிறகு வரும் தொற்றில் பெரும்பங்கு எங்களைப் போன்ற மருத்துவமனைப் பணியாளர்களின் கைகள் வழியாகவும், ரத்தநாளத்தில் செருகிய குழாய் வழியாகவும் வருவதே. மருந்து செலுத்தும் ஒவ்வொரு முறையும் குழாயின் வாயை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, உலர்ந்த பிறகே ஊசியைப் பொருத்த வேண்டும். ஈரம் காயும்முன் பொருத்தினால், சாகாத கிருமி மருந்தோடு உள்ளே போகும். இரவில் ஆள் குறைந்தால் முதலில் கைவிடப்படுவது இந்த 15 விநாடிதான். ஆகவே செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுவதும் மூளைப் பாதுகாப்பே. குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேட்டு, தேவையில்லாத அன்றே எடுத்துவிட வேண்டும். 48 மணி நேரத்தில் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) கிருமி வளராமல், குழந்தையும் நன்றாக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிடலாம். நீட்டித்தால், குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் குடல் அழற்சி நோய்க்கே வழி திறக்கும். அந்நோயைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடில்லை.

20 விநாடி மூச்சு நிற்பது, வெப்பநிலை 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது, பால் செரிக்காமல் வயிறு உப்புவது, வழக்கத்தைவிடத் துவண்டு கிடப்பது ஆகியவை தொற்றின் முதல் அடையாளங்களாக இருக்கலாம். காய்ச்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது. இவற்றைப் பல நேரம் முதலில் உணர்பவர், மார்போடு அணைத்திருக்கும் தாய்தான். உலக சுகாதார அமைப்பு 2022-ல் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம், குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பைப் பரிந்துரைத்தது. பெற்றோரைப் பார்வையாளராகக் கருதி நேரம் குறித்து உள்ளே விடும் வழக்கத்தை மருத்துவமனைகள் உடனே கைவிட வேண்டும்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்