செல்விக்கு, பொங்கல் குழம்பு பற்றி

அன்புள்ள செல்வி,

ஆடியில் நீ எழுதியதற்குத் தையில் பதில் எழுதுகிறேன். முதலில் திட்டிவிடு, அப்புறம் படி. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்துவிடுகிறாள். சின்னவன் வேலை மாறிவிட்டான். கமலா டீச்சர் போன் பண்ணினார், வழக்கம்போல உன்னைத்தான் முதலில் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் முதல் முறையாகப் பொங்கல் குழம்பு என் பொறுப்பு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காய்களை எண்ணினாள். அவரை, மொச்சை, கத்தரி, வாழை, சேப்பங்கிழங்கு, பரங்கி, சர்க்கரைவள்ளி, ஆக ஏழு. மருமகள் கேரட்டை நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். "இங்கிலீஷ் காயெல்லாம் இதில் சேராது" என்று அம்மா தட்டை நகர்த்திவிட்டாள். அந்தப் பெண் மெதுவாக, "பரங்கி மட்டும் எந்த ஊர்க் காய், பாட்டி?" என்று கேட்டதும் வீட்டில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. வெள்ளைக்காரனைத்தானே பரங்கி என்பார்கள், பெயரிலேயே அது இருக்கிறது செல்வி, இத்தனை வருஷம் அரிந்திருக்கிறோம், ஒரு நாளாவது யோசித்தோமா?

அன்றிலிருந்து எனக்கு இதே வேலை. பரங்கி, சர்க்கரைவள்ளி இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகுதான் போர்த்துக்கீசியர் வழியாக இந்த மாதிரிப் பயிர்கள் ஒவ்வொன்றாக இங்கே வந்தன. குழம்பில் கிள்ளிப் போடும் மிளகாயும், சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்துப் போடும் முந்திரியும் அப்படி வந்தவைதான். மிளகாய்க்கு நம் ஆட்கள் வைத்த பெயரைப் பார், மிளகு போலக் காரமாக இருக்கிற காய்! வள்ளிக்கிழங்கு என்ற பெயர் மட்டும் பழசு, பாரியின் பறம்பு மலையில் விளைந்ததாகக் கபிலர் பாடியிருக்கிறார். பழைய கிழங்கின் பெயரைப் புதிதாக வந்ததற்குக் கொடுத்து, முன்னால் சர்க்கரையைச் சேர்த்துவிட்டோம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னால் மனசு சங்கடப்படுவாளே என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அப்புறம் கரும்பைப் பற்றிப் படித்ததும் தைரியம் வந்தது. அதியமானின் முன்னோர்கள்தான் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவை அவர்களைப் புகழ்ந்து பாடுகிறாள், புறநானூற்றில் 99ஆம் பாட்டு. கரும்பே வெளியூரிலிருந்து வந்தது என்றால் பரங்கியை எப்படி ஒதுக்குவது? பட்டினப்பாலைக் காலத்தில் காவிரிக்கரை முழுக்கக் கரும்புச்சாறு காய்ச்சும் ஆலை, அந்த அனல் பட்டு வயலில் நெய்தல் பூ வாடிப்போகிறதாம். ஆண்டாள் காலத்துக்கு வந்தால் மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா, அதாவது நூறு பெரிய பானை, அக்கார அடிசில். வெல்லம் போட்டுக் குழைய வைத்த சோறு எவ்வளவு பழசு பார்த்தாயா!

அதற்கும் முந்தைய ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. புறநானூறு 168. மிளகு வளரும் மலைச்சரிவு. காட்டுப்பன்றி கிழங்குக்காகக் கிளறிப்போட்ட புழுதியிலேயே குறவர்கள் நல்ல நாள் பார்த்துத் தினை விதைக்கிறார்கள், ஏர் கிடையாது. முதலில் விளைந்த புதுத் தினையை உண்ண வேண்டும். அதற்காக மரையா என்ற காட்டு விலங்கின் பாலைக் கறந்து, மான் இறைச்சி வேகவைத்த பானையைக் கழுவாமலே அடுப்பில் ஏற்றி, சந்தன விறகு எரித்துச் சோறாக்கி, முற்றத்தில் வாழை இலை போட்டுப் பகிர்ந்து உண்கிறார்கள். புதுத் தானியம், பால், நல்ல நாள், வாழை இலை, பகிர்ந்து உண்பது, எல்லாமே இருக்கிறது! அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கழுவாத பானை என்றதும் முகம் சுளித்தாள், புதிது உண்பது என்றதும் தலையாட்டினாள்.

நம் பக்கத்துப் புது அரிசியும் அப்படித்தானே? சாதத்துக்கு ஆகாது, குழைந்துவிடும் என்பாள் உன் அம்மா. பொங்கலுக்குக் குழைந்தால்தான் ருசி. அறுத்த கையோடு அந்த அரிசியை வைத்து வேறு என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பார், பொங்கல் ஏன் பொங்கல் ஆனது என்று புரியும். இந்தத் தடவை நான் வைத்தது கடையில் வாங்கிய அரிசி, எந்த வருஷத்து நெல்லோ. பால் பொங்கியபோது எல்லாரும் கூவினோம், எனக்கு மட்டும் உள்ளே ஏதோ குறைந்தது.

இப்போது கோபப்படாமல் கேள். ஆற்றங்கரை வயலை மனை போடுகிறவர்களுக்குக் கொடுக்கப் போகிறாய் என்று குமார் சொன்னான். நிஜமா? உன் கஷ்டம் எனக்குத் தெரியும்டி, அறுப்புக்கு ஆள் இல்லை, தம்பிகள் பங்கு கேட்கிறார்கள், கூட இருந்து ஒரு நாள் களை எடுக்காத நான் விற்காதே என்று சொல்ல முடியாது. ஆனால் தினை அரிந்த கொல்லையில் பனிக்காலத்தில் அவரை பூப்பதைக் குறுந்தொகையில் படித்தபோது எனக்கு உன் வயல்தான் கண்ணில் வந்தது. சம்பா அறுப்பதற்கு முன்னாலேயே உன் அப்பா ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட்டு, அறுத்த தாளுக்கு நடுவே அது பச்சையாக எழும்புவதை நமக்குக் காட்டுவாரே, அந்த வயல். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசு. மாசியில் நானே வருகிறேன், குமாரையும் உட்கார வைத்துப் பேசுவோம். குத்தகைக்காவது விட வழியிருக்கிறதா பார்ப்போம்.

அறுப்பு முடிந்ததா? முடிந்திருந்தால் குமார் வரும்போது ஒரு மரக்கால் புது அரிசி கொடுத்தனுப்பு. பொங்கல் முடிந்துவிட்டதே என்று பார்க்காதே, வந்த அன்றைக்கே பானை வைப்பதாக அம்மா சொல்லிவிட்டாள். கேரட்டுக்கு மட்டும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

உன்
மல்லிகா