கோகைனுக்கு மாத்திரை இல்லை, ஆலோசகருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் கோகைன் வழக்கில் திரைத்துறையினர் கைதான நாள்களில், யார் விற்றார், யார் வாங்கினார், எந்த விருந்தில் என்று பக்கம் பக்கமாகப் படித்தோம். அந்தப் பழக்கத்தில் சிக்கியவர் மீண்டு வர எங்கே போக வேண்டும், அதற்கு அரசுப் பணம் எவ்வளவு செலவாகிறது என்பதை நான் படித்த செய்திகளில் காணவில்லை. சேலத்தில் போதை மீட்பு வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

மதுவுக்கு அடிமையானவர் வந்தால் கைநடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து இருக்கிறது. ஹெராயினுக்கு மெத்தடோன், புப்ரினார்ஃபின் என்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. கோகைன் பழக்கத்தை விடுவிக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை எதுவும் இல்லை. பலன் தரும் என்று ஆய்வுகளில் தெரிந்தவை இரண்டு. ஒன்று, ஆலோசகர் உடனிருந்து சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றுவிப்பது. மற்றொன்று, சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் தென்படாத ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தந்து ஊக்குவிப்பது. இரண்டுக்குமே ஆள் வேண்டும்: பயிற்சி பெற்ற ஆலோசகரும், வராமல் போனவரின் வீடு தேடிச் செல்லும் களப்பணியாளரும். அதுவும் மாதக்கணக்கில். பத்துப் பதினைந்து நாள் படுக்கவைத்து அனுப்பிவிட்டால், வெறி திரும்பும்போது அந்தப் பையன் யாருமில்லாமல் நிற்பான். அப்படித் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

'கோகைன் பணக்காரர் விவகாரம், சேலத்துக்கு எதற்கு?' என்று கேட்பார்கள். 2019-இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வின்படி, நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி, கோகைன் பயன்படுத்துவோர் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ஒப்பிட்டால் சிறிய எண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்காட்டு விடுதிக்கு விருந்துக்கு வருகிறவர் ஞாயிறு மாலை பெங்களூருக்குத் திரும்பிவிடுகிறார். அவருக்குக் கார் ஓட்டியவனும் பரிமாறியவனும் இங்கேயே இருக்கிறார்கள். மதுவும் கோகைனும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலீன் என்ற பொருள் உருவாகிறது. இதயத்துக்கு அது இன்னும் ஆபத்து. மேலும், கோகைனுக்காக அமர்த்தப்படும் ஆலோசகர் வலி நிவாரண மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையனையும் கஞ்சாவில் கிடப்பவனையும் திருப்பி அனுப்பப் போவதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தாயை எனக்குத் தெரியும். மகன் சுற்றுலா கார் ஓட்டுநர். இருந்த நகையை அடகு வைத்து அவனைத் தனியார் மையம் ஒன்றில் சேர்த்தார். பணம் தீர்ந்ததும் வெளியே வந்துவிட்டான். 'அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா அம்மா?' என்று என்னிடம் கேட்டார். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்குத் தெரியவில்லை. போதைக்கு அடிமையாகி, உட்கொண்ட குற்றமோ சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்டவர், தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது அது. சிகிச்சை மட்டும் அரசோ உள்ளாட்சியோ நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் நடக்க வேண்டும். அப்படி ஓர் இடமே எட்டும் தூரத்தில் இல்லையென்றால் இந்தச் சலுகை ஏழைக்கு எந்த வகையில் உதவும்?

நான் சொன்ன சிறுநீர்ப் பரிசோதனைக்கும் பரிசுக்கும் வாரம் இரண்டு முறையாவது மையத்துக்கு வர வேண்டும். ஏற்காட்டுக்கு அப்பால் மலைக்கிராமத்தில் இருப்பவர், பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்து திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. இரண்டாவது வாரமே நின்றுவிடுவார். அவரைப் பொறுப்பற்றவர் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பணம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். 2024-25-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் தரப்பட்டது. அது தேவையான உதவி. அதே வேகம் உயிரோடு இருப்பவருக்கும் கிடைக்கட்டும் என்கிறேன். அதே 1985 சட்டத்தின் 7ஏ பிரிவில் ஒரு தேசிய நிதியமும் உண்டு. கடத்தல்காரர்களிடம் பறிமுதலான சொத்தை விற்ற பணம் அதில் சேர வேண்டும். அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் அதைச் செலவிடலாம். அயர்லாந்தில் சிகிச்சைக்கு வந்தோரிடையே 2022-இல் ஹெராயினைக் கோகைன் முந்தியது. அங்கே கோகைனுக்கென்றே சமூக அளவிலான சேவைகளுக்கு அரசு தனி நிதி தருகிறது.

2025-இல் மாநில அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் தொடங்கியதை மனதார வரவேற்கிறேன். அடுத்து மருத்துவமனைச் சுவருக்கு வெளியே பணம் வர வேண்டும். உலகப் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று மாணவர்களை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி எடுக்கவைப்பதற்கு ஆகும் செலவையாவது முதலில் இதற்குத் திருப்புங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் ஓர் ஆலோசகரும், செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை போன்ற பகுதிகளுக்குக் களப்பணியாளர்களும் வேண்டும். அவர்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் வைத்து மாற்றிக்கொண்டே இருக்காமல் நிரந்தரப் பணியில் அமர்த்தி, அந்தச் சம்பளத்தை வரும் நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பில் காட்டும்படி முதலமைச்சரையும் மாவட்ட ஆட்சியரையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.