உன் பாட்டியைப் பற்றிய கட்டுரை கிடைத்தது

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். பாட்டியைப் பற்றி நீ எழுதி, புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய கட்டுரையை அன்றிரவே கைப்பேசியில் படித்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. மறுநாள் மஸ்ஜித் இந்தியா பக்கம் போனபோது ஒரு கடையில் அதை அச்செடுத்துக்கொண்டு, செந்தூலுக்குத் திரும்பும் எல்.ஆர்.டி. ரயிலில் பேனாவும் கையுமாகப் படித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் ஆறு பக்கங்களிலும் கோடுகள் நிறைந்துவிட்டன. திரையில் வழுக்கிக்கொண்டு போகும் கண் தாளில் நிற்கிறது. இனி எதை எழுதினாலும், யாருக்கும் அனுப்புவதற்கு முன் ஒரு முறை தாளில் படித்துப் பார்.

முதல் இரண்டு பத்திகளையும் முழுவதுமாக அடித்துவிட்டேன். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் பங்களிப்பு அளப்பரியது என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்; அதை எழுதப் பாட்டியின் பேத்தி தேவையில்லை. மூன்றாம் பத்தியில், பாட்டி பால் சேர்க்காத வறக்கோப்பியின் கடைசி வாயை உனக்கென்று மங்குக் குவளையில் மிச்சம் வைப்பதைச் சொல்கிறாய் அல்லவா, கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது. முதல் வரைவில் நமக்கே வழி தெரியாமல் சிறிது தூரம் நடந்துதான் ஊருக்குள் நுழைகிறோம். அந்த நடையை வாசகரும் நடக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: “பாட்டி அதிகாலையில் எழுந்து, கடினமான உழைப்பை மேற்கொண்டு, குடும்பத்தின் முன்னேற்றத்திற்காகத் தம்மையே அர்ப்பணித்தார்.” அவர் என்னைப் பெற்றவர், தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான அந்த லயத்து வீட்டில்தான் நான் வளர்ந்தேன். ஆனாலும் இந்த வாக்கியத்தில் என் தாயை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், கையில் என்ன வைத்திருந்தார், ஏன் அந்த நேரத்தில் எழுந்தார் என்று நீ உன்னையே கேட்டிருக்க வேண்டும். நாலரை மணிக்கு எழுவார். பிரட்டில், அதாவது வேலைக்கு முன் நடக்கும் பெயர்ப் பதிவில், பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தாம் வெட்டும் மர வரிசையான நிரைக்குப் போவார். மரத்தில் கட்டிய மங்கில் உறைந்து கிடக்கும் ரப்பர் பாலை எடுத்துவிட்டு, உளியால் பட்டையை மெல்லிய நாடாவாகச் சீவுவார். விடியுமுன் ஏன் வெட்ட வேண்டும் என்றால், வெயில் ஏறாத நேரத்தில்தான் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏற ஏற அது குறைந்துவிடும். ஆகவே பாட்டியின் தூக்கத்துக்கு நேரம் குறித்தது அந்த மரம்தான். இதை எழுதினால் ‘கடினமான’, ‘அர்ப்பணித்தார்’ என்ற இரண்டு சொற்களுக்கும் வேலையே இருக்காது.

‘உழைப்பை மேற்கொண்டு’ என்பதை ‘உழைத்து’ என்று மாற்றியிருக்கிறேன். அவ்வாறே ‘வருகை புரிந்தார்’ என்பது ‘வந்தார்’ ஆகிறது. ‘திருமணம் நடத்தி வைக்கப்பட்டது’ என்ற இடத்தில் நடத்தி வைத்தவர் யார் என்று எழுது, அவர் என் பெரிய மாமா. ஆறு பக்கங்களில் இப்படிப் பதினான்கு இடங்களை வட்டமிட்டிருக்கிறேன். வினைச்சொல்லைப் பெயராக்கி, அதற்குத் துணையாக இன்னொரு வினையைக் கட்டி இழுக்கும் இந்தப் பழக்கம் அறிக்கைகளிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டது.

நீண்ட வாக்கியம் எழுதாதே என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் நீண்ட வாக்கியங்கள் பிடிக்கும். ஆனால் தமிழில் வினை கடைசியில் வருவதால், அது வரும்வரை வாசகர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. “பாட்டி, தாத்தா இறந்த பிறகு தோட்டத்தை விட்டுச் செந்தூலுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த காலத்தில் அம்மா வாங்கிக் கொடுத்த நாற்காலியில் உட்காரவே இல்லை” என்று எழுதியிருக்கிறாய். ‘பாட்டி’ ஒரு கரையிலும் ‘உட்காரவே இல்லை’ மறு கரையிலும் நிற்கின்றன. தங்கினார் என்பதோடு ஒரு வாக்கியத்தை முடித்துவிடு. அடுத்து, “அம்மா வாங்கிக் கொடுத்த நாற்காலியில் பாட்டி உட்காரவே இல்லை” என்று தனியே நிறுத்து. இப்போது அந்த நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது. இத்தகைய இடங்களைக் கண்டுபிடிக்க இலக்கணம் தேட வேண்டாம், உரக்கப் படித்தாலே போதும். மூச்சு முட்டும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்.

நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று பட்டியலிடுகிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று தொடரும் அந்தப் பட்டியலில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று ஒன்று உண்டு. தொடங்கிய வலு போகப் போகத் தேய்ந்து முடிவது அது. உன் கடைசி இரண்டு பக்கங்களுக்கு அந்தக் குற்றம் பொருந்துகிறது என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். பாட்டியின் இறப்புக்குப் பிறகு நீ எழுதியிருப்பவை பாட்டியைப் பற்றியவை அல்ல.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் பாஸ்டனில் தம் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகியவர். அச்சகத்தில் இருந்ததால் எழுத்துப் பிழையில்லாமல் எழுதினாலும், நடையழகிலும் தெளிவிலும் ஒழுங்கிலும் குறை இருப்பதாக அவருடைய தந்தை எடுத்துக்காட்டினாராம். அதன்பின் அவர் லண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சிறு குறிப்பு மட்டும் எழுதி வைத்துக்கொள்வார். சில நாள்கள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளைக் கொண்டே கட்டுரையைத் தம் சொற்களில் எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரங்களுக்குப் பிறகு வரிசைப்படுத்திப் பார்ப்பதும் உண்டு. எதற்குப் பின் எது வர வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றார். உனக்குப் பிடித்த தமிழ்க் கட்டுரை ஒன்றை எடுத்து, வாரத்துக்கு ஒரு பத்தி இப்படிச் செய்து பார். நானும் உன் வயதில் செய்திருக்கிறேன். மூலத்தில் ஒரே சொல்லால் முடிந்ததை நாம் ஐந்து சொற்களால் சுற்றி வந்திருப்பதைப் பார்க்கும்போது, யாரும் சொல்லித் தராத பாடம் கிடைக்கும்.

பிழை திருத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் மெய்ப்புத் திருத்தும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில், ஓர் இரங்கல் அறிவிப்பில் பதினாறாம் நாள் காரியத்தின் தேதி ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டது. மூன்று முறை படித்துவிட்டு நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள், காரியம் முடிந்த மறுநாள் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தெரிந்த வாக்கியத்தைக் கண் படிப்பதில்லை, மனம்தான் நிரப்பிக்கொள்கிறது. அன்றிலிருந்து, வரிக்கு அடியில் அடிக்கோலை வைத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறேன். தேதிகளையும் பெயர்களையும் தனியாக ஒரு முறை பார்க்கிறேன். ஒற்றுகளையும் அப்போதே பார்த்துக்கொள்: ‘வேலை கொடு’ என்றால் பணி, ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பது.

எழுதியதை ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு திருத்து. கோடு போட்ட தாள்களைத் தபாலில் அனுப்புகிறேன். வறக்கோப்பி வாக்கியத்தில் ஒரு சொல்லையும் மாற்றாதே. நான்காம் பக்கத்தில் ‘கனமான வாளிகள்’ என்று எழுதியிருக்கிறாய். பாட்டி பால் வாளிகளை இருபுறமும் மாட்டித் தோளில் சுமந்த காண்டாக் கம்பு இன்னும் நம் பின்னறையில்தான் இருக்கிறது, ஒரு வாளியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வாளியில் தண்ணீர் நிரப்பச் சொல்லி, எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா