பன்னிரண்டாவது ஆளிலிருந்து யோசியுங்கள்: லெஸ்டர்ஷயர் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

லெஸ்டர்ஷயர் கவுண்டி கிரிக்கெட் கிளப்பின் நிர்வாகக் குழுவினருக்கும் பயிற்சியாளர் அல்ஃபோன்சோ தாமஸுக்கும்,

வணக்கம். முதலில் வாழ்த்து. இங்கிலாந்து கவுண்டி அணிகள் நான்கு நாள் ஆட்டங்களில் மோதும் கவுண்டி சாம்பியன்ஷிப்பில், 2003-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய நம் அணி மேலே ஏற 22 ஆண்டு பிடித்தது. 2025-இல் ஏறியதும் சும்மா ஏறவில்லை, இரண்டாம் டிவிஷன் கோப்பையோடு ஏறினோம். இடையில் 2013, 2014 என்று இரண்டு சீசன் முழுக்க சாம்பியன்ஷிப்பில் ஒரு வெற்றிகூட இல்லை. 2012 செப்டம்பருக்குப் பிறகு அடுத்த வெற்றி 2015 ஜூனில்தான் வந்தது. 992 நாள்! அந்த நாட்களிலும் விடாமல் சந்தா கட்டிய உறுப்பினர்கள் நம் மைதானமான கிரேஸ் ரோடில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால் இந்த மடல் அவசரக்காரன் எழுதியது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இந்தக் குளிர்காலத்தில் உறுப்பினர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரே பேச்சுதான்: முதல் டிவிஷனுக்குப் போகிறோம், பெரிய வெளிநாட்டு வீரர் யார்? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் ஆர்வமில்லை. நான் கேட்பது வேறு. முதல் பதினொரு பேரை எப்படியும் தேற்றிவிடுவீர்கள். பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை யார்?

ஏன் கேட்கிறேன் என்றால், சமீபத்தில் மேலே ஏறியவர்களின் கதை அப்படி. மிடில்செக்ஸ் 2022-இல் ஏறி 2023-இல் இறங்கியது. டர்ஹமும் வூஸ்டர்ஷயரும் 2023-இல் சேர்ந்தே ஏறினார்கள். 2024-இல் இருவரும் தாக்குப்பிடித்தார்கள். 2025-இல் சேர்ந்தே இறங்கினார்கள். ஏறிய வருடம் உற்சாகத்திலேயே ஓடிவிடும், உண்மையான சோதனை இரண்டாவது வருடம்தான் என்பது என் கணிப்பு. அதனால் இப்போது ஆள் எடுத்தால் 2026-க்கு மட்டும் எடுக்காதீர்கள், 2027-க்கும் சேர்த்து எடுங்கள்.

டர்ஹமுக்கு நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2025 கோடையில் ஓவலில் சர்ரே அவர்களுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 820 அடித்து டிக்ளேர் செய்தது. டாம் சிப்லி மட்டும் 305. பந்துவீச்சாளருக்கு அதிகம் உதவாத கூக்கபுரா பந்து, தட்டையான பிட்ச், வெயில். அந்த மாதிரி நாளில் முதல் மூன்று பந்துவீச்சாளர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பது பெரிய விஷயமே இல்லை. நான்காவது, ஐந்தாவது ஆள் யார், அடுத்த ஆட்டத்துக்கு யாருக்கு ஓய்வு கொடுக்க முடியும், அதுதான் கணக்கு. அந்த ஒரு ஆட்டத்தால் டர்ஹம் இறங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 14 ஆட்டம் கொண்ட சீசனில் களைத்துப்போன பந்துவீச்சுக்கு என்ன நேரும் என்பதை அங்கே எல்லோரும் பார்த்தோம்.

நம் பந்துவீச்சு எப்படி? இயன் ஹாலண்ட், டாம் ஸ்க்ரிவன், பென் கிரீன் மூவரும் ஒழுங்கானவர்கள், ஒரே இடத்தில் போட்டுப் போட்டு மட்டையாளரைச் சலிப்பேற்றுபவர்கள். ஏப்ரல் ஈரத்தில், இரண்டாம் டிவிஷன் மட்டையாளர்களுக்கு எதிராக அது தங்கம். ஆனால் மூவரும் ஏறக்குறைய ஒரே வேகம். பந்து பழசாகி, பிட்ச் செத்துப்போன மூன்றாம் நாள் மதியம் வேறு மாதிரி பந்து போட ஜாஷ் ஹல் ஒருவர்தான் இருக்கிறார். உயரம், இடது கை, வேகம். 2024-இல் ஓவலில் இலங்கைக்கு எதிராக டெஸ்டிலேயே இறக்கினார்களே, அந்த ஹல்தான். அவருக்கு உடம்பு ஒத்துழைத்தால் சந்தோஷம். ஒத்துழைத்தால் இங்கிலாந்து கூப்பிடும். ஒத்துழைக்காவிட்டால் பிசியோ அறை. இரண்டு வழியிலும் நமக்கு 14 ஆட்டம் கிடைக்காது. ஆகவே இந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு ஆள்தான் எடுக்க முடியும் என்றால், நிஜமான வேகம் உள்ள ஒரு உள்நாட்டு பந்துவீச்சாளரை எடுங்கள். பெரிய கவுண்டியில் பெஞ்சில் உட்கார்ந்து பொறுமை இழந்துகொண்டிருக்கும் 24, 25 வயதுக்காரர் யாராவது இருப்பார்.

இது உங்களுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. பென் கிரீனை அப்படித்தானே பிடித்தீர்கள்? சோமர்செட்டில் நான்கு நாள் ஆட்டத்தில் நிரந்தர இடம் கிடைக்காதவர். லோனில் வந்தார், விக்கெட்டுகளாக எடுத்தார், பிறகு நிரந்தரமாகவே சேர்த்துக்கொண்டீர்கள். சமீப ஆண்டுகளில் கிளப் செய்த மிகச் சிறந்த வேலை அது. பக்கத்து ஊரிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2019 முடிவில் லங்காஷயர் வேண்டாம் என்று விட்ட ஹசீப் ஹமீதை நாட்டிங்ஹாம்ஷயர் எடுத்தது. 2022-இல் மேலே ஏறினார்கள். 2025-இல் அதே ஹமீத் தலைமையில் கவுண்டி சாம்பியன். தொடர்ந்து மூன்று முறை வென்றிருந்த சர்ரேயை அவர்கள் ஊரிலேயே போய் 20 ரன்னில் வீழ்த்திவிட்டுத்தான் கோப்பையைத் தூக்கினார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது, அதை யோசித்தீர்களா என்று தெரியவில்லை. சோமர்செட் நமக்கு ஆளைக் கடன் கொடுத்தபோது நாம் கீழே இருந்தோம், அவர்களுக்குப் போட்டி இல்லை. இனி அதே டிவிஷனில் மோதப் போகிறோம். முதல் டிவிஷன் கவுண்டி எதுவும் இன்னொரு முதல் டிவிஷன் கவுண்டிக்கு நல்ல பந்துவீச்சாளரைச் சும்மா தூக்கிக் கொடுக்காது. ஆக, ஜூனில் காயம் பட்டால் லோனில் சமாளிக்கலாம் என்ற பழைய தைரியம் இந்த முறை உதவாது. தேவையானதை ஏப்ரலுக்குள் ஒப்பந்தத்தில் வைத்திருக்க வேண்டும்.

மட்டை பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ரிஷி படேல், ஹாண்ட்ஸ்கோம்ப், பென் காக்ஸ், மேல் வரிசையில் ரெஹான் அகமது. போதும்.

வெளிநாட்டு வீரர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு தகவல்: கும்ப்ளே 2000-இல் நம் கவுண்டிக்கு ஆடினார். சேவாக் 2003-இல் ஆடினார். ரஹானே 2024-இல் ஆடினார். சேவாக் இருந்த அதே 2003-இல்தான் கீழே இறங்கினோம். அவர் மேல் பழி போடவில்லை. பெரிய பெயர் ஒன்று அணிப்பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒன்றும் நின்றுவிடாது என்பதற்காகச் சொல்கிறேன். மாறாக 1996-ஐப் பாருங்கள். ஃபில் சிம்மன்ஸ் முழுக் கோடையும் ஆடினார், ஸ்லிப்பில் நின்றார், பந்தும் போட்டார். ஜேம்ஸ் விட்டேக்கர் தலைமையில் அந்த வருடம் மொத்தமே 13 வீரர்களை வைத்துக்கொண்டு சாம்பியன் ஆனோம். 1998-இல் மறுபடியும். இன்று 13 பேரை வைத்து ஓட்டவே முடியாது. ஐபிஎல், பிளாஸ்ட் என்ற 20 ஓவர் போட்டி, ஆகஸ்ட் முழுவதையும் விழுங்கும் ஹண்ட்ரட் என்ற 100 பந்து போட்டி, நடுவில் இங்கிலாந்து அழைப்பு. ஆனால் தங்குகிறவர் வேண்டும் என்பது மாறவில்லை. இரண்டு ஆட்டத்துக்கு ஒருவர், மூன்று ஆட்டத்துக்கு இன்னொருவர் என்று விமானம் ஏற்றி இறக்குவதைவிட, கொஞ்சம் சின்னப் பெயராக இருந்தாலும் சீசனில் பாதிக்கு மேல் இருக்கக்கூடிய ஒருவரை எடுங்கள்.

தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோரைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று சென்னைக்கார நண்பர்கள் என்னிடமே கேட்கிறார்கள். சர்ரேயில் 2025-இல் இரண்டு ஆட்டம் ஆடினாரே, நமக்கு ஆடக்கூடாதா என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் நமக்குச் சுழல் தேவைப்படுவது செப்டம்பரில், சோமர்செட்டின் டான்டன் மாதிரி ஊரில். செப்டம்பர் என்றால் இந்தியாவில் உள்ளூர் சீசன் தொடங்கிவிடும். அப்புறம், சர்ரேக்கு இரண்டு ஆட்டத்துக்கு ஆள் வரவழைப்பது கூடுதல் வசதி. நமக்கு அதே செலவு, ஒரு இளம் பந்துவீச்சாளரின் முழு வருடச் சம்பளத்தில் கை வைப்பதாகிவிடும். நம் சுழல் ஆள் ரெஹான் இல்லாத நாளில் இன்னொரு சுழல் ஆளான லியம் ட்ரெவாஸ்கிஸை நம்புவதே மேல்.

ரெஹான் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. 2022-இல் கராச்சியில் 18 வயதில் டெஸ்ட் ஆடி, ஐந்து விக்கெட் எடுத்த பையன். 2025-இல் டெர்பிஷயருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்தார். இவரைத் தக்கவைப்பதுதான் இந்தக் குளிர்காலத்தின் முதல் ஒப்பந்தமாக இருக்க வேண்டும். நம் வரலாறு அப்படிப் பயமுறுத்துகிறது. டேவிட் கவர் ஹாம்ப்ஷயருக்குப் போனார். டிஃப்ரெய்டஸ் லங்காஷயருக்குப் போனார். டேரன் ஸ்டீவன்ஸ் கென்டுக்குப் போய் 46 வயது வரை அங்கே ஆடினார். பென் ரெய்ன், கால்லம் பார்க்கின்சன் டர்ஹமுக்கு. ஸ்டூவர்ட் பிராட், ஜேம்ஸ் டெய்லர், ஹாரி கர்னி, ஸாக் சாப்பல் நால்வரும் போனது ஒரே ஊருக்கு, ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கும் நாட்டிங்ஹாமுக்கு. நாற்றங்கால் நம்முடையது, அறுவடை அவர்களுடையது. ரெஹான் பிறந்ததே நாட்டிங்ஹாமில். தம்பி ஃபர்ஹான் ஏற்கனவே அவர்கள் அணியில் சுழல் போடுகிறார். அவர்களுடைய மைதானமான ட்ரென்ட் பிரிட்ஜில் அண்ணனும் தம்பியும் இரண்டு முனையிலும் பந்து போடும் காட்சியை அங்கே யாரோ எப்போதோ கற்பனை செய்து பார்த்திருப்பார்கள். நானாக இருந்தால் செய்திருப்பேன்.

அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் இருந்தாலும் சரி, இப்போதே நீட்டுங்கள். ஹல்லுக்கும் அப்படியே. முன்பு இதைக் கேட்டால் பணம் இல்லை என்று கையை விரிப்பீர்கள், அதில் நியாயமும் இருந்தது. பணம் இல்லாத காலத்தில் கோல்பாக் வழியாக, அதாவது தென் ஆப்பிரிக்கா போன்ற நாட்டவரை வெளிநாட்டு வீரர் கணக்கில் சேர்க்காமல் எடுக்க வழிவிட்ட விதியில், ஆள் எடுத்தோம். 2004-இல் முதல் கோல்பாக் வீரராக கிளாட் ஹெண்டர்சன் வந்ததே நம்மிடம்தான். அந்தக் கதவு பிரெக்ஸிட்டோடு மூடிவிட்டது. இப்போது ஹண்ட்ரட் அணிகளை விற்ற பணத்தில், மைதானம் தராத கவுண்டிகளுக்கும் பங்கு வருகிறது. அது கடனை அடைக்கவும் மைதானத்தைச் சீராக்கவும்தான் முதலில் போக வேண்டும், சம்பளத்தில் கொட்டக்கூடாது, சரி. ஆனால் கடன் குறைந்தால் வட்டி குறையும், வருட வரவுசெலவில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். அந்த இடத்தில் முதலில் இந்த இரண்டு பெயர்களை எழுதுங்கள் என்கிறேன்.

பெஞ்சில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று சந்தேகம் வந்தால் 2023 ஒருநாள் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஹாண்ட்ஸ்கோம்ப் ஊருக்குத் திரும்பியதால் ஹாரி ஸ்விண்டெல்ஸுக்கு இடம் கிடைத்தது. விக்கெட்டுகள் சரிந்து கிடந்த நேரத்தில் வந்து 117 நாட் அவுட். கடைசி ஓவரில் ஹாம்ப்ஷயரைக் கட்டிப்போட்டு இரண்டு ரன்னில் கோப்பையைக் கொண்டுவந்தது 19 வயது ஹல்.

சீசன் தொடங்கும் முன் உறுப்பினர் கூட்டம் வரும். வழக்கமாக அங்கே புதிய ஜெர்சியும் ஸ்பான்சரும் பற்றித்தான் நீளமாகப் பேசுவோம். இந்த முறை இரண்டு பதில் எழுதி எடுத்து வாருங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் நான்கு நாள் ஆட்டத்துக்குத் தயாராக எத்தனை வேகப்பந்து வீச்சாளர்கள் இருப்பார்கள்? ரெஹானும் ஹல்லும் எந்த வருடம் வரை நம்மோடு? கேள்வி நேரத்தில் முதல் கை என்னுடையதாக இருக்கும்.

இப்படிக்கு,
கிரேஸ் ரோடு உறுப்பினர் ஒருவர்,
லெஸ்டர்